பின்னறையில் அறுபது கணினிகள்

ஜனவரி 4, வியாழன்

சந்தையில் பச்சைப் பட்டாணி மலிந்துவிட்டது. இடது முழங்கால் முனக ஆரம்பித்துவிட்டது. தார்வாடுக்கு ஜனவரி வந்ததற்கு வேறு சான்று வேண்டாம்.

வாசகசாலைக் கணினிக்கூடம் இன்றும் மதியத்துக்கு மேல் படுத்துக்கொண்டது. அம்புக்குறியை நகர்த்தினால் ஆற அமர யோசித்துவிட்டுத்தான் நகர்கிறது. ஹசீனா தையல் கடையைப் பூட்டிவிட்டு, தபால் வழி பி.ஏ.வுக்கான கட்டுரையை அடிக்க வந்திருந்தாள். டீச்சரை இங்கே அக்கோரு என்பார்கள்; ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு அதுதான் பெயர்.

"அக்கோரே, ஒரு எழுத்து அடிச்சா அது திரையில வர்றதுக்குள்ள நான் ஒரு பட்டன் தைச்சுடுவேன்."

கூடத்தின் மூத்த உறுப்பினர் கமலாபாய்க்கு முன்பு சொன்ன உதாரணத்தை அவளுக்கும் சொன்னேன். மேசைகளில் இருப்பது வெறும் திரையும் விசைப்பலகையும்தான். உண்மையான கணினி பின்னறையில் ஒன்றே ஒன்று, பெரியது. கல்யாணச் சத்திரத்தின் கூடத்தைப் புடவை கட்டித் தடுத்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அறை என்று கொடுப்பதில்லையா, அதுபோல அதற்குள்ளே ஆளுக்கொரு கணினி. உறுப்பினர் அறுபது பேர், அறுபது கணினிகள். மெய்நிகர் கணினி என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. நாங்கள் குட்டி என்கிறோம். நினைவகம் என்பது அலமாரி இல்லை, வேலை செய்யும் மேசை. மேசை நிறைந்துவிட்டால் ஒவ்வொரு காகிதத்துக்கும் எழுந்து அலமாரிக்குப் போய் வர வேண்டும். அதனால்தான் இந்த மந்தம்.

"என் மேசையில ஒண்ணுமே இல்லையே. யாரோ வந்து உக்காந்திருக்காங்க, அக்கோரே."

சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 5, வெள்ளி

ஹசீனாவின் குட்டிக்குள் அவள் அனுமதியோடு புகுந்து பார்த்தேன். ஒரே ஒரு கட்டுரை திறந்திருக்கிறது. அதையும் மூடினேன். அப்போதும் நினைவகத்தில் பத்தில் ஒன்பது பங்கு நிரம்பியிருப்பதாகக் காட்டியது. யார் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள் என்ற கணக்கைக் கூட்டினால் பாதிகூட வரவில்லை. மீதி யாரிடம்?

காலி அறை, இடமில்லை என்கிறது. எனக்கு இது பிடித்திருக்கிறது என்றுதான் எழுத வேண்டும். முப்பத்தைந்து வருடம் விடை தெரிந்த பௌதிகக் கணக்குகளையே போட்டவளுக்கு, விடை தெரியாத ஒன்று.

ஜனவரி 7, ஞாயிறு

கமிட்டிக் கூட்டம். தலைவர் சங்கண்ணா தம் எண்ணெய்க் கடையிலிருந்து நேராக வந்து, உட்காராமலே பேசினார்.

"அக்கோரே, முப்பது இலை போட்ட பந்தியில அறுபது பேர் உக்காந்தா எப்படி? பாதிப் பேரை எழுப்புங்க. படிக்கிறவங்க இருக்கட்டும். பொழுது போக்க வர்றவங்க வீட்ல டி.வி. பார்க்கட்டும்."

கன்னட ஆசிரியராக இருந்து என்னோடு ஓய்வு பெற்ற ஹிரேமட் மாஸ்தர் மேசையைப் பார்த்தபடி சொன்னார்: "அப்படிப் பார்த்தா முதல்ல தலைவரைத்தான் எழுப்பணும். தினம் சீட்டாட்டம்தானே ஆடறார்."

"அது மூளைக்குப் பயிற்சி, மாஸ்தரே."

"மூளைக்கா? சரி."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் முடிவு முடிவுதான். இருபத்தெட்டாம் தேதி பொதுக்கூட்டம். அதற்குள் கூடத்தை நான் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் நீக்க வேண்டிய முப்பது பெயர்களை நானே வாசிக்க வேண்டும். கூடத்துப் பொறுப்பாளர் நான்தானே. பெயில் ஆனவர்கள் பெயரைக்கூட நான் வகுப்பில் உரக்கப் படித்ததில்லை.

ஜனவரி 9, செவ்வாய்

யோசித்ததில் எளிய வழி தோன்றியது. ஒவ்வொரு குட்டிக்கும் நினைவகத்தை ஒன்றரை மடங்காக்கிவிட்டேன். காலை முழுக்க ஒவ்வொன்றாக மாற்றினேன். பசிக்கிறது என்கிற பிள்ளைக்குச் சோறு போடுவதுதானே முறை.

ஜனவரி 10, புதன்

நேற்று எழுதியதை அடித்துவிடலாம் போல இருக்கிறது. இன்று பதினொரு மணிக்கே எல்லாம் நின்றுவிட்டது. ஹசீனா ஒரு சட்டைக்கான அத்தனை பட்டனும் தைத்துவிட்டாளாம்.

ஜனவரி 11, வியாழன்

பெங்களூரில் இருக்கும் ரேகா நாடகௌடாவுக்குப் போன் செய்தேன். பெரிய கணினியை நன்கொடையாக வாங்கிக்கொடுத்து இதையெல்லாம் அமைத்தவள். ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் ஒளிவிலகல் படித்தவள். இன்று அவள் சொல்ல நான் குறிப்பெடுத்தேன்.

"அக்கோரே, எல்லாருக்கும் மெமரியை ஏத்தினீங்களா?"

"ஆமா."

"நல்ல காரியம் பண்ணீங்க போங்க. பெரிய மெஷின்ல இருக்கிறதைவிட அதிகமா வாக்குக் கொடுத்துட்டீங்க. அதுகிட்ட இல்லாதப்போ குட்டிங்ககிட்டதான் திருப்பிக் கேக்கும். கேட்டா தராதுங்க இல்லையா, அதனால ஒவ்வொரு குட்டிக்குள்ளயும் ஒரு பலூனை ஊதும். பலூன் அடைச்ச இடத்தைக் குட்டி தொடாது. அந்த இடத்தைப் பெரிய மெஷின் எடுத்து இன்னொருத்தருக்குக் கொடுத்துடும்."

எனக்குச் சட்டென்று என் மாமியார் ஞாபகம். கல்யாணமாகி வந்த புதிதில், கூடத்தில் விருந்தாளிகளுக்கு இடம் வேண்டும் என்றால் ஒரு டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து என் அறையில் வைப்பார். "இருக்கட்டும்மா, உன் அறையில இடம் இருக்கு." பெட்டி பூட்டியிருக்கும். எனக்கு நடக்க இடமிருக்காது. காரணமோ என் அறையில் இல்லை, கூடத்தில்.

ரேகாவிடம் இதைச் சொன்னதும், "அதேதான். நீங்க அறைக்குள்ளயே தேடிட்டு இருக்கீங்க. கூடத்தைப் பாருங்க," என்றாள். அடுத்த மீட்டிங் என்று போனை வைத்துவிட்டாள்.

ஹசீனா முதல் நாளே சொன்னாள், யாரோ வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. சிரித்தேனே.

நினைவகத்தைப் பழைய அளவுக்கே குறைத்துவிட்டேன். கொஞ்சம் மூச்சு வந்தது. கொஞ்சம்தான்.

ஜனவரி 13, சனி

எதற்கும் இருக்கட்டும் என்று பெயர் எழுத உட்கார்ந்தேன். யாரை முதலில்? நெடுநாளாக வராதவர் என்றால் நியாயமாகத்தான் தெரிகிறது. கமலாபாய் தேசாய். தீபாவளிக்கு முன்பு மகளோடு கலபுரகிக்குப் போனவர், இன்னும் வரவில்லை. வயது எழுபத்திரண்டு. என்ன எழுதுகிறார் என்று யாருக்கும் காட்டமாட்டார், யாராவது பக்கத்தில் போனால் உடம்பால் திரையை மறைப்பார். படிப்பும் இல்லை, வேலையும் இல்லை. சங்கண்ணா கணக்கில் பொழுதுபோக்கு.

எழுதினேன். நன்றாக இல்லை. பேனாவை மூடிவிட்டேன். ஒரே ஒரு பெயர் இருக்கிறது.

ஜனவரி 15, திங்கள்

சங்கராந்தி. வாசகசாலை விடுமுறை. ஹிரேமட் மாஸ்தர் எள்ளும் வெல்லமும் கொண்டுவந்தார். அவர் மனைவி எள்ளைச் சர்க்கரைப் பாகில் உருட்டிச் செய்த குசரெள்ளு வெள்ளைப் பூ மாதிரி இருந்தது.

பேச்சு கூடத்துக்குத்தான் போனது.

"விமலா அக்கோரே, அக்டோபர்ல நல்லாத்தானே ஓடிட்டு இருந்தது?"

"தீபாவளி சமயத்துலகூட நல்லாத்தான் இருந்தது. அதுக்கு அப்புறம் மெல்ல மெல்ல…"

"நான் ராஜ்யோத்சவத்துக்குத் திரையெல்லாம் கன்னடமாக்கினேன். அந்தக் கண்ணு பட்டிருக்கும். எத்தனை பேர் பாராட்டினாங்க தெரியுமா?"

அவர் பெருமைப்படுவதில் தவறில்லை. நவம்பர் ஒன்றாம் தேதி, கர்நாடகம் உருவான நாளுக்குக் கொடியேற்றியதும், ஆங்கிலம் ஒரு சொல்கூட இல்லாமல் குட்டிகள் எல்லாம் கன்னடம் பேசின. அரசு அலுவலகக் கன்னடம் இல்லை, வீட்டுக் கன்னடம். உள்ளே வந்ததும் "வாங்க, உக்காருங்க" என்று திரை சொல்லும். அதைக் கண்டு கமலாபாய் உண்மையாகவே திரைக்கு வணக்கம் சொன்னார்.

மெல்ல மெல்ல என்று சொன்னேனே, அந்தச் சொல் மனதில் நிற்கிறது. உடைந்தது என்றால் ஒரே நாளில் உடையும். மெல்ல நிறைகிறது என்றால் ஏதோ வந்து சேருகிறது, போகவில்லை. தொட்டிக்குக் குழாய் திறந்திருக்கிறது, அடியில் துவாரம் அடைத்திருக்கிறது.

ஜனவரி 17, புதன்

இன்று செய்ததை முதல் நாளே செய்திருக்க வேண்டும். அழுகிற பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டு, வகுப்பில் எத்தனை பேர் என்று எண்ணாமல் இருந்திருக்கிறேன்.

ஹாஜர் எடுத்தேன்.

முதலில் கூடத்தில். மூலைக்கு மூலை நடந்து, தலைகளை எண்ணினேன். பதினொரு பேர். பிறகு பின்னறைக்குப் போய்ப் பெரிய கணினியின் திரையில் பெயர்களை மேலிருந்து கீழ்வரை தள்ளிக்கொண்டே போனேன். ஒவ்வொரு பெயர் பக்கத்திலும் ஒரு பச்சைப் புள்ளி. இத்தனை நாளும் பச்சையென்றால் நலம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெயரைத் தட்டிப் பார்த்தால், பச்சையென்றால் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஐம்பத்து மூன்று பச்சை.

பதினொரு பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஐம்பத்து மூன்று பேர் "உள்ளேன் அம்மா" என்கிறார்கள். ஆளில்லாத அறைகளில் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, பாய் விரித்தபடி கிடக்கிறது. கமலாபாய் பெயரும் பச்சை. அவர் கலபுரகியில், அவர் குட்டி இங்கே அவருக்காக உட்கார்ந்திருக்கிறது.

யார் அணைக்காமல் போகிறார்கள்? எல்லோருமா? ஏன்?

ஜனவரி 18, வியாழன்

ஒரு கூடைப் பட்டாணியை எடுத்துக்கொண்டு போய்க் கதவோரம் உட்கார்ந்து உரித்தேன். கண் மட்டும் திரைகளில்.

வேலை முடித்து எழுகிறவர்களுக்குத் திரையில் இரண்டு பட்டன் வருகிறது. ரேகா வைத்த ஏற்பாடு. ஒன்று குட்டியை அணைத்து நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கும். மற்றது, வெளியே போய்விட்டு வருகிறவர்களுக்காக, எல்லாவற்றையும் அப்படியே ஓடவிட்டு வைக்கும். ஆங்கிலத்தில் இருந்தவரை எல்லோரும் முதல் பட்டனை யோசிக்காமல் தட்டிக்கொண்டிருந்தார்கள். மாஸ்தர் அவற்றுக்குத் தமது வீட்டுக் கன்னடத்தில் பெயர் வைத்தார். முதலாவது, "போகிறேன்". இரண்டாவது, "போய் வருகிறேன்".

வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவர் எழுந்தார். "போய் வருகிறேன்." பின்னால் இருந்த தபால்காரர், "போய் வருகிறேன்." ஒருவர் விடாமல். ஹசீனா எழுந்தபோது கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்மா, இந்தப் பட்டனை ஏன் அமுக்கல?"

அவள் "போகிறேன்" என்பதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"போறேன்னு யாராவது சொல்வாங்களா அக்கோரே? அதுவும் பரீட்சை வச்சுக்கிட்டு. எங்க அம்மி காதுல விழுந்தா திரும்பக் கூப்பிட்டு உக்கார வச்சுத் தண்ணி கொடுத்துட்டுத்தான் அனுப்புவாங்க."

"இது மெஷின்தானே."

"வாங்க உக்காருங்கன்னு அது மரியாதையாச் சொல்லுது. நான் மட்டும் வெடுக்குனு போறேன்னுட்டுப் போகவா?"

அப்போதே பக்கத்து மேசையில் சங்கண்ணா சீட்டாட்டத்தை முடித்து எழுந்தார். நான் உரிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். "போய் வருகிறேன்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். பால்காரர் விசாரித்தார்.

ஜனவரி 19, வெள்ளி

மாஸ்தரிடம் சொன்னேன். ஒப்புக்கொள்ளவில்லை.

"ரெண்டு பட்டனும் தெளிவா இருக்கு அக்கோரே. வேலை முடிஞ்சவன் போறேன்னு சொல்றான், டீ குடிக்கப் போறவன் போய் வரேன்னு சொல்றான். இதுல என்ன குழப்பம்?"

"நீங்க எதை அமுக்கறீங்க?"

"நானா? நான்…" நெற்றியைத் தடவினார். "சகுனம்னு ஒண்ணு இருக்கு இல்ல."

"அப்போ போகிறேன்ங்கிறதை யாருக்காக எழுதினீங்க?"

"அடுத்தவங்களுக்கு," என்றார். பிறகு அவரே சிரித்துவிட்டார்.

ரேகா போனில் சிரித்து அடங்க நேரமாயிற்று. ஒன்றும் வாங்க வேண்டாமாம், எதுவும் பழுதாகவில்லையாம். பட்டனை ஆங்கிலத்துக்கே மாற்றிவிடலாமா என்று கேட்டாள். மாஸ்தர் முகம் கண்முன் வந்தது. யோசித்து வேறு சொன்னேன். ஊர் ஜனங்கள் பேச்சை ஏன் மாற்ற வேண்டும்? "போய் வருகிறேன்" என்றால் குட்டி தன் காகிதங்களை அலமாரியில் வைத்துவிட்டுத் தூங்கட்டும். அவர்கள் வரும்போது எழுந்துகொள்ளட்டும். மனிதர்களும் அப்படித்தானே சொல்லிவிட்டுப் போகிறார்கள். நாம் வாசலிலேயே நின்றுகொண்டா இருக்கிறோம்?

"செஞ்சுடலாம் அக்கோரே. ஆனா இப்போ ஓடிட்டு இருக்கிறதையெல்லாம் அணைக்கிறதுக்கு முன்னாடி, அவங்கவங்க வந்து சேமிச்சுடணும். சேமிக்காததெல்லாம் போயிடும்."

ஜனவரி 23, செவ்வாய்

நான்கு நாளாக ஆட்கள் வந்து சேமித்துவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொருவர் எழுந்ததும் நான் பின்னறைக்கு ஓடி ஒரு பச்சையை அணைக்கிறேன். நினைவகத்தைக் காட்டும் பட்டை, காய்ச்சல் இறங்குவது மாதிரி இறங்குகிறது. ஹசீனாவுக்கு எழுத்துகள் விரலோடு வருகின்றன. பட்டன் தைக்க நேரமில்லை என்று குறைபட்டுக்கொண்டாள்.

ஒரே ஒரு பச்சை மிச்சம். கமலாபாய். வேறு வழியில்லாமல் கலபுரகிக்குப் போன் போட்டேன்.

"விமலா, தொட்டுடாதேம்மா. அது கொலைக் கதை."

"என்ன கதை?"

"கொலை. நம்ம சப்தாபூர்ல, பேடா கடைப் பின்கட்டுல. ஒரு வருஷமா எழுதறேன். கடைசி அத்தியாயத்துல போலீஸ்காரி எல்லாரையும் உக்கார வச்சு, கொன்னது யாருன்னு சொல்லப்போறா. வாயைத் திறந்துட்டா. பேரை அடிக்கிறதுக்குள்ள மக வண்டி வந்துடுச்சு. அப்படியே போய் வரேன்னு அமுக்கிட்டு வந்துட்டேன்."

"சேமிச்சீங்களா?"

"போய் வரேன்னு சொன்னா அது காத்திருக்கும்னு மாஸ்தர்தானே சொன்னார். அப்புறம் என்ன சேமிப்பு?"

அந்தக் கடைசி அத்தியாயம் முழுவதும் அந்த மேசைமேல்தான் பரப்பிக் கிடக்கிறது, அலமாரியில் ஒரு வரிகூட இல்லை. மின்சாரம் போய் பேட்டரியும் கைவிட்டிருந்தால்? நல்லவேளை, இந்த இரண்டரை மாதமாக அப்படி ஆகவில்லை.

எப்போது வருவீர்கள் என்று கேட்டேன். பேரனுக்குத் தொட்டில் போட்டதும் என்றார். அந்த ஒன்றை மட்டும் தொடவில்லை. அறுபதில் ஒரு டிரங்குப் பெட்டி. இருக்கட்டும்.

பதின்மூன்றாம் தேதி பெயர் எழுதிய காகிதத்தைக் கிழித்து அடுப்பு மூட்டினேன்.

ஜனவரி 28, ஞாயிறு

பொதுக்கூட்டம். மிளகாய் பஜ்ஜி இந்த வருடம் காரம் குறைவு.

பெயர் வாசிக்க என்னை எழுப்பினார்கள். ஒரு பெயரும் இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சங்கண்ணா நம்பாமல் பின்னறைக்கு வந்து பார்த்தார். எல்லோரும் பஜ்ஜி தின்றுகொண்டிருந்ததால் கூடத்தில் ஆளில்லை. பட்டை தரையோடு தரையாகக் கிடந்தது.

"இந்த ஒரு பச்சை யாரு?"

"கமலாபாய்."

"அந்தம்மா ஊர்லயே இல்லையே. அதை முதல்ல எடுங்க."

"வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க."

பஜ்ஜி ஆறுவதாகச் சொல்லிப் போய்விட்டார் அவர். எத்தனை பேர் கூடத்தில் இருக்கலாம் என்ற பேச்சு அதன்பிறகு எழவில்லை. ஹசீனா தன் அண்ணியைச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றேன்.

மாஸ்தர் மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார். "போகிறேன்" பட்டனை எடுத்துவிடலாம், ஆனால் அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது. தாமே புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்தார்: "சாயா குடிச்சிட்டு வரேன்." அரை மணி நேரம் காத்திருக்கும், பிறகு தானே சேமித்துவிட்டுத் தூங்கிவிடும். இரண்டு மாற்றத்தையும் ரேகா அங்கிருந்தே ஏற்றிவிட்டாள்.

பிப்ரவரி 2, வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை. எல்லாம் ஓடுகிறது. முழங்காலும் பரவாயில்லை.

பிப்ரவரி 8, வியாழன்

மூன்று மணிக்குக் கமலாபாய் வந்தார். கையில் பேரனுக்குத் தொட்டில் போட்ட சர்க்கரை. ஜன்னலோரத்து மேசையில் உட்கார்ந்தார். திரை "வாங்க, உக்காருங்க" என்றது. அவர் வணக்கம் சொன்னார்.

பக்கம் அப்படியே வந்தது. பாதி வரி. அதன் முனையில் கோடு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது, நேற்று எழுந்து போனவருக்காகக் காத்திருந்த மாதிரி.

நானும் மாஸ்தரும் சற்றுத் தள்ளி நின்றோம். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி படித்தார்.

"என்ன ஆச்சு கமலாபாய்?"

"யாரைக் கொலைகாரனா நினைச்சிருந்தேன்னு மறந்துபோச்சு விமலா."

மாஸ்தர் தலையில் கைவைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மூன்று மாதமாக ஒரு பெரிய கணினி மூச்சுத் திணறி, பாதி வாசகசாலையையே வெளியே தள்ளப் பார்த்து, இந்த ஒரு பெயருக்காக இடம் பிடித்து வைத்திருந்திருக்கிறது.

அந்த நேரம் சங்கண்ணா சீட்டாட வந்தார். "அடடே, வந்துட்டீங்களா? உங்க பேரைத்தான் முதல்ல எடுக்கச் சொன்னேன், அக்கோரு விடல," என்று கமலாபாயிடம் கலகலவென்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

கமலாபாய் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உடம்பால் திரையை மறைத்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார். ஐந்தரை மணிவரை நிமிரவில்லை.

எழுந்தபோது, யார் என்று கேட்டேன்.

"எண்ணெய்க் கடைக்காரன். பேரை மட்டும் மாத்திட்டேன்," என்று என் காதில் சொல்லிவிட்டு, "போய் வருகிறேன்" என்பதைத் தட்டினார்.

பின்னறைக்குப் போய்ப் பார்த்தேன். அவர் பெயர் பக்கத்தில் பச்சை அணைந்திருந்தது. பெரிய கணினியின் விசிறி கேட்கிறதா இல்லையா என்பதுபோல் சுற்றிக்கொண்டிருந்தது.